பையை எங்கே பிரிக்கிறார்கள்?

கோலாலம்பூரில் நாங்கள் தங்கிய ஹோட்டலின் வைஃபை பட்டியலில் இரண்டு பெயர்கள் இருந்தன. இரண்டுமே அந்த ஹோட்டலின் பெயர்தான். ஒன்றின் வாலில் மட்டும் ‘கெஸ்ட்’ என்று ஒட்டியிருந்தது. நான் கவுன்டரில் பாஸ்போர்ட்டுகளைக் கொடுத்துவிட்டு அறைச் சாவிக்காக நின்ற பத்து நிமிடத்தில், அப்பா சோபாவில் உட்கார்ந்து ஒன்றில் சேர்ந்துவிட்டார். ஒரு பக்கம் திறந்தது. கூகுள் கணக்கில் நுழைந்தால் இணையம் இலவசம் என்றது. மெயில் முகவரியையும் பாஸ்வேர்டையும் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிக் கொடுத்தார். இணையம் வரவில்லை. அடுத்த பெயரில் சேர்ந்தார். அது அறை எண்ணைக் கேட்டது. அப்புறம்தான் என்னிடம் எழுந்து வந்து, “ரூம் நம்பர் என்னம்மா?” என்றார்.

அன்று இரவு பதினொரு மணிக்கு அவர் போனில் ஓர் அறிவிப்பு. உங்கள் கணக்கில் யாரோ நுழைய முயல்கிறார்கள், அது நீங்கள்தானா என்று கேட்டது. இல்லை என்று அழுத்தினோம். பாஸ்வேர்டை மாற்றினோம். கிளம்புவதற்கு முந்தின வாரம் இரண்டடுக்குச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டுக்கு மேல் போனிலும் சம்மதம் கேட்கும் முறை) போட்டு வைத்திருந்ததால் எதுவும் போகவில்லை. ஆனால் அப்பா தூங்கவில்லை. விளக்கை அணைத்த பிறகு, இருட்டில் கேட்டார்: “சாவி படம் வந்துட்டா பயமில்லன்னு நீதானே சொன்ன?”

சொன்னேன். சென்னையில் ஒரு நிறுவனத்தில் நெட்வொர்க் சப்போர்ட் வேலையில் இருக்கிறேன். விபிஎன், அதாவது நம் இணையப் போக்குவரத்தை மறைத்து வேறோர் இடம் வழியாக அனுப்பும் ஏற்பாடு, எனக்கு அன்றாடச் சாமான். அப்பாவின் போனிலும் அதை நான்தான் போட்டேன். திரையின் மேலே சின்னச் சாவி தெரிந்தால் போதும், எங்கே வேண்டுமானாலும் இணையத்தைத் திறக்கலாம் என்று விமான நிலையம் போகும் வழியில் அவசரமாகச் சொன்னேன். எழுபது வயதைத் தொட்ட ஒருவர் மகளை நம்பி அந்த ஒரு வாக்கியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அந்த வாக்கியம் தவறு. அதைச் சரிசெய்யத்தான் இந்தக் கட்டுரை.

அப்பா முப்பத்து நான்கு வருஷம் ஆர்.எம்.எஸ்.ஸில் இருந்தவர். ரயில்வே மெயில் சர்வீஸ். திருச்சியில் ராத்திரி ஷிப்டில் கடிதம் பிரித்த சார்ட்டிங் அசிஸ்டென்ட். அதனால் அன்று இரவு அவருக்குத் தெரிந்த சாமான்களை வைத்தே விளக்கினேன்.

பழைய இணையம் அஞ்சலட்டை மாதிரி. வழியில் கையில் எடுக்கிற யாரும் படிக்கலாம். இப்போது பெரும்பாலான தளங்கள் ஒட்டிய உறை மாதிரி. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. ஆனால் யாருக்குப் போகிறது என்று உறை மேலேயே இருக்கும். விபிஎன் என்பது அந்த உறைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு, வாயைக் கட்டி, முத்திரை வைத்து அனுப்புவது. பையைத் தூக்கிப் போகிறவர் லேபிளை மட்டும்தான் பார்ப்பார். உள்ளே பத்துக் கடிதமா ஆயிரமா, எந்த வங்கிக்கு, எந்த ஆஸ்பத்திரிக்கு, எதுவும் அவருக்குத் தெரியாது. பை போய்ச் சேர்ந்த ஊரில் முத்திரையை உடைத்துப் பிரித்து, ஒவ்வொரு உறையையும் அதனதன் முகவரிக்கு அனுப்புவார்கள்.

அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: “சரி, பையை எந்த ஆபீஸ்ல பிரிக்கிறாங்க? பிரிக்கிறவன் யாரு?”

எத்தனையோ பேருக்கு விபிஎன் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வேகமா இருக்குமா, மாசம் எவ்வளவு, எத்தனை நாட்டுக்கு இருக்கு என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை.

அஞ்சலட்டைக் காலம் ரொம்பப் பழசும் இல்லை. 2010-ல் ஃபயர்ஷீப் என்று பிரவுசரில் சேர்க்கும் ஒரு சின்ன நிரல் வந்தது. அதைப் போட்டுக்கொண்டு ஒரு காபிக் கடையின் திறந்த வைஃபையில் உட்கார்ந்தால், பக்கத்து மேசைக்காரரின் ஃபேஸ்புக் கணக்கு ஒரு சொடுக்கில் நம் திரையில் திறந்துவிடும். அதை எழுதியவரின் நோக்கம் திருட்டு இல்லை. நிறுவனங்கள் எவ்வளவு அலட்சியமாக இருக்கின்றன என்று எல்லோரும் பார்க்கும்படி காட்டினார். அது வேலை செய்தது. ஜிமெயில் அதே வருடம் தொடக்கத்திலேயே முழுவதுமாக உறைக்கு மாறியிருந்தது. 2013-ல் ஃபேஸ்புக்கும் எல்லோருக்கும் மாறிவிட்டது. 2015 கடைசியில் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு அந்த உறையை, அதாவது தளங்களுக்கான சான்றிதழை, இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. 2018 ஜூலை முதல் குரோம், உறை இல்லாத எல்லாத் தளங்களையும் ‘பாதுகாப்பற்றது’ என்று முகவரிக்குப் பக்கத்திலேயே காட்டுகிறது. இன்று அந்தப் பிரவுசரில் திறக்கும் பக்கங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் உறைக்குள்தான் வருகின்றன.

எனவே விமான நிலைய வைஃபையில் உட்கார்ந்த உடனே உங்கள் வங்கிப் பாஸ்வேர்டை யாரோ காற்றில் பிடித்துவிடுவார்கள் என்று பயமுறுத்தும் விபிஎன் விளம்பரங்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. அந்தப் பயம் பத்து வருடம் பழையது. பழைய பயத்தைக் காட்டி விற்கும்போது, வாங்கியவர் புதிய ஆபத்தைப் பார்க்காமல் போய்விடுகிறார். அப்பாவுக்கு நடந்தது அதுதான்.

அப்படியானால் பை எதற்கு? உறையின் மேல் முகவரி இருக்கிறதே, அதற்கு. நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது ஹோட்டலின் நெட்வொர்க்குக்குத் தெரியும். எந்த வங்கி, எந்த மருத்துவமனை, எந்தச் செய்தித்தாள், எந்த வழக்கறிஞர். ஒரு நாள் தங்குகிற விருந்தாளியைப் பற்றி இவ்வளவும் தெரிந்துகொள்ள ஹோட்டலுக்கு ஒரு அவசியமும் இல்லை.

அது வெறும் ஊர்வம்பு விஷயமும் இல்லை. 2014 நவம்பரில் காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ‘டார்க்ஹோட்டல்’ என்று பெயரிட்டு ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஆசியாவில் சொகுசு ஹோட்டல்களின் நெட்வொர்க்கில் ஒரு கும்பல் பல வருடங்களாக உட்கார்ந்திருந்தது. அவர்கள் குறிவைத்தது பெரிய நிறுவனங்களின் அதிகாரிகளை. அந்த விருந்தாளி அறை எண்ணும் குடும்பப் பெயரும் போட்டு வைஃபையில் நுழைவார். உடனே நன்கு தெரிந்த ஒரு மென்பொருளின் புதிய பதிப்பு வந்திருக்கிறது, நிறுவுங்கள் என்று திரையில் வரும். நிறுவினால் உளவு நிரல் உள்ளே போகும். நம்மைப் போன்றவர்களை யாரும் இப்படி வேட்டையாட மாட்டார்கள். ஆனால் அந்த அறிக்கை படித்த நாளிலிருந்து ஊருக்கு வெளியே இருக்கும்போது எந்த அப்டேட்டையும் நான் நிறுவுவதில்லை. கிளம்புவதற்கு முந்தின நாளே எல்லாவற்றையும் வீட்டில் முடித்துவிடுவேன்.

இப்போது அந்த இரண்டு பெயர்களுக்கு வருகிறேன்.

2024 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவில் உள்நாட்டு விமானம் ஒன்றில், பணியாளர்கள் பறக்கும்போதே சந்தேகத்துக்குரிய ஒரு வைஃபை பெயரைக் கவனித்துப் புகார் செய்தார்கள். கூட்டரசுப் போலீஸார் பெர்த் விமான நிலையத்தில் ஒரு பயணியின் பையைச் சோதித்தார்கள். ஒரு கையடக்க வைஃபை கருவி, ஒரு லேப்டாப், ஒரு போன். உண்மையான வைஃபையின் பெயரையே தன் கருவிக்கும் வைத்து, அதில் சேர்கிறவர்களை ஒரு பக்கத்துக்குக் கொண்டுபோய், மெயில் அல்லது சமூக ஊடகக் கணக்கால் உள்நுழையச் சொல்லியிருக்கிறார் என்பது அப்போதைய குற்றச்சாட்டு. பெர்த், மெல்போர்ன், அடிலெய்டு விமான நிலையங்களில் அந்தப் போலிப் பக்கங்கள் பயன்பட்டதாகப் போலீஸார் சொன்னார்கள்.

அப்பாவிடம் இதை எப்படிச் சொன்னேன் என்றால், யாரோ ஒருவன் தெருமுனையில் சிவப்புப் பெயின்ட் அடித்து ஒரு தபால் பெட்டியை வைத்துவிட்டான், நீங்களே போய்க் கடிதத்தைப் போட்டுவிட்டீர்கள் என்று. அங்கே பையும் இல்லை, உறையும் இல்லை. இந்த இடத்தில் விபிஎன் ஒன்றுமே செய்ய முடியாது. வைஃபைக்கான நுழைவுப் பக்கத்தைத் தாண்டினால்தான் இணையம். இணையம் வந்தால்தான் விபிஎன் கட்டும். நுழைவுப் பக்கத்தில் நிற்கும் அந்த அரை நிமிடம் சாவி படம் இருக்காது. அந்த அரை நிமிடத்தில்தான் பாஸ்வேர்டு கேட்கிறார்கள். லேப்டாப்பில் இன்னொரு சங்கடம்: விபிஎன் இல்லாமல் எதுவும் வெளியே போகக் கூடாது என்று பூட்டி வைத்திருந்தால் நுழைவுப் பக்கமே திறக்காது. சரி, கொஞ்ச நேரம் பூட்டை எடுப்போம் என்று எடுப்போம். மறுபடி போட மறந்துவிடுவோம்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரே விதி. வைஃபைக்கான பக்கம் அறை எண் கேட்கலாம், பெயர் கேட்கலாம், ஓடிபிக்காகப் போன் எண்கூடக் கேட்கலாம். வேறெங்கோ இருக்கும் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டால் அங்கேயே மூடிவிட வேண்டும். இரண்டு பெயர் இருந்தால் கவுன்டரில் கேட்க வேண்டும்.

சரியான பெட்டியிலேயே போட்டாலும் இன்னொரு ஓட்டை இருக்கிறது. அதே 2024, மே மாதம், ‘டனல்விஷன்’ என்ற பெயரில் வெளிவந்தது. எந்த வைஃபையில் சேர்ந்தாலும் நமக்கு ஒரு முகவரி கொடுப்பது அந்த நெட்வொர்க்தான். முகவரியோடு சேர்த்து, ‘இன்னின்ன ஊருக்கு இந்த வழி’ என்ற குறிப்பையும் அது கொடுக்கலாம். கெட்ட நோக்கமுள்ள ஒருவர் அந்தக் குறிப்பை வைத்து, கடிதங்கள் பையில் விழும் முன்பே வேறு வாசல் வழியாகத் திருப்பிவிட முடியும். பையும் முத்திரையும் அப்படியே இருக்கும். சாவி படமும் தெரியும். ஆனால் பை காலி. ஆண்ட்ராய்டு போன்கள் அந்தக் குறிப்பைப் பொருட்படுத்தாததால் தப்பின. லேப்டாப்கள் பலவற்றுக்கு இது பொருந்தும். கண்டுபிடித்தவர்கள் சொன்ன வழிகளில் ஒன்று ரொம்ப எளிமை: சொந்தப் போனின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைப்பது. இப்போது நான் வெளிநாட்டில் இறங்கியதும் முதல் வேலையாக உள்ளூர் இ-சிம் போட்டுவிடுகிறேன். ஹோட்டல் வைஃபை பெரிய வீடியோ பார்க்க மட்டும். வங்கி என்றால் சொந்த டேட்டாதான்.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். பிரிக்கிறவன் யார்?

அப்பாவின் போனில் நான் போட்டதைத் தவிர இன்னொரு விபிஎன்னும் இருந்ததை அன்று இரவுதான் பார்த்தேன். இலவசம், யாரோ உறவுக்காரப் பையன் ஏதோ பார்ப்பதற்காகப் போட்டுக் கொடுத்தது. அதை உடனே நீக்கினேன். 2016-ல் ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் ஆய்வாளர்களும் சில பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து 283 ஆண்ட்ராய்டு விபிஎன் செயலிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். 18 சதவீதம் எதையும் மறையாக்கமே செய்யவில்லை, அதாவது வாய் கட்டாத பை. 38 சதவீதத்தில் தீநிரலின் அடையாளங்கள் இருந்தன. பயனரைப் பின்தொடரும் பிறருடைய நிரல்கள் நான்கில் மூன்றில் இருந்தன.

முகம் தெரியாத நிறுவனங்கள்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஓனாவோ என்ற நிறுவனத்தை 2013-ல் ஃபேஸ்புக் வாங்கியது. ‘ஓனாவோ ப்ரொடெக்ட்’ என்ற அந்த இலவச விபிஎன், உங்கள் தகவலைப் பாதுகாக்கும் என்று சொல்லிக்கொண்டது. உள்ளே, மக்கள் எந்தெந்தச் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்று ஃபேஸ்புக் தன் வியாபாரத்துக்காகப் பார்த்துக்கொண்டிருந்தது. 2018-ல் ஆப்பிள் தன் செயலிக் கடையிலிருந்து அதை எடுக்கவைத்தது. 2023-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம், மக்களை ஏமாற்றியதற்காக 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. பை பிரிக்கும் இடத்தில் உட்கார்ந்து உறை முகவரிகளையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள் என்றேன். அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. அவர் வேலையில் அது மன்னிக்கவே முடியாத குற்றம்.

இன்னும் மோசமானது உண்டு. 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை ‘911 எஸ்5’ என்ற வலையை முடக்கியது. மாஸ்க்விபிஎன், டியூவிபிஎன் போன்ற இலவச விபிஎன்களை நிறுவியவர்களின் கணினிகள் அவர்களுக்குத் தெரியாமலே வாடகைக்கு விடப்பட்டிருந்தன. மோசடிக்காரர்கள் அந்த வீட்டு முகவரிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். அப்படிச் சிக்கிய ஐபி முகவரிகள், அதாவது இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்கள், 1 கோடியே 90 லட்சத்துக்கும் மேல்.

அவசரத்தில் இருக்கிறவர்கள்தான் இலவசத்தில் விழுகிறார்கள். 2022 ஏப்ரல் 3 அன்று இலங்கையில் சமூக ஊடகங்களை முடக்கியபோது, ஆளாளுக்குக் கையில் கிடைத்த விபிஎன்னை இறக்கினார்கள். வீட்டாரோடு பேச வேறு வழி இல்லாதவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தேவைப்படாத நாளில் நிதானமாகத் தேர்ந்தெடுத்து வைத்திருங்கள் என்று மட்டும்தான் சொல்வேன். சீனா போகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம்; 2017-லேயே அங்கே ஆப்பிள் கடையிலிருந்து விபிஎன் செயலிகளை எடுத்துவிட்டார்கள்.

காசு கொடுத்து வாங்கும் விபிஎன்னிலும் பிரிக்கும் இடம் எங்கே என்பது முக்கியம். 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது: விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், கொடுத்த ஐபி முகவரி எல்லாவற்றையும் ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும். அந்த வருடமே எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்ட்விபிஎன், சர்ஃப்ஷார்க், புரோட்டான் எல்லாம் இந்திய மண்ணிலிருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. சிலவற்றில் இன்றும் பட்டியலில் ‘இந்தியா’ என்று இருக்கும். இயந்திரம் சிங்கப்பூரிலோ வேறு எங்கோ இருக்கும்.

எங்களுக்கு அடுத்த பயணம் ஷார்ஜா, அண்ணன் வீட்டுக்கு. அங்கே சட்டமே வேறு. பொய்யான ஐபி முகவரியைக் காட்டிக் குற்றம் செய்தாலோ குற்றத்தை மறைத்தாலோ 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் என்று 2016-ல் திருத்தினார்கள். 2021-ல் வந்த புதுச் சட்டத்திலும் அது தொடர்கிறது. விபிஎன் வைத்திருப்பதே குற்றம் என்பதில்லை. வங்கிகளும் நிறுவனங்களும் அங்கே பயன்படுத்துகின்றன. ஆனால் தடைசெய்த ஒன்றை அதன் வழியாகத் திறந்தால் சிக்கல். வாட்ஸ்அப் அழைப்பு அங்கே எடுபடாது என்பதால் விபிஎன் போட்டுப் பேசிக்கொள்ளலாம் என்று ஊரில் பலர் சொல்லி அனுப்புவார்கள். வேண்டாம். அனுமதி உள்ள போட்டிம் செயலி இருக்கிறது, அதில் பேசுங்கள். ஒரு வீடியோ கால் அண்ணனின் வேலைக்கும் விசாவுக்கும் ஈடாகாது.

அப்பாவுக்கு வேண்டியதோ ஒன்றே ஒன்று. மாதக் கடைசி வேலை நாளில் பென்ஷன் விழுந்ததா என்று பார்க்க வேண்டும். ஒரு முறை விபிஎன்னின் சிங்கப்பூர் சர்வர் வழியாக நுழைந்ததில் அவருடைய வங்கி சந்தேகப்பட்டுக் கணக்கைப் பூட்டிவிட்டது. திறக்கக் கிளைக்கு மூன்று நடை நடந்தோம். அதனால்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. பையைத் திருச்சி உறையூரில் இருக்கும் எங்கள் வீட்டிலேயே பிரித்தால் என்ன?

ராஸ்பெரி பை என்று உள்ளங்கை அளவில் ஒரு கணினி. அதில் வயர்கார்டு போட்டேன். 2020 மார்ச்சில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியிலேயே சேர்த்துக்கொள்ளப்பட்ட விபிஎன் முறை அது. சுமார் நாலாயிரம் வரி நிரல்தான், ஒருவர் உட்கார்ந்து முழுவதும் படித்துவிடலாம். சரியான சாவி (இது திரையில் வரும் படமில்லை, ரகசியக் குறியீடு) இல்லாமல் யார் கதவைத் தட்டினாலும் பதிலே சொல்லாது. எங்கள் பிராட்பேண்ட் இணைப்பில் வெளியிலிருந்து எட்டும்படியான தனி முகவரி இல்லை. பல வீடுகளைப் போல ஒரே முகவரியைப் பலருக்குப் பங்கிட்டிருந்தார்கள். தனியாகப் பணம் கட்டி நிலையான முகவரி வாங்கினோம். அப்பாவின் போனிலும் என் லேப்டாப்பிலும் சாவி ஏற்றினேன். இப்போது உலகத்தில் எங்கிருந்து போனாலும் வங்கிக்கு நாங்கள் உறையூரில்தான் இருக்கிறோம். வீட்டு இணைய நிறுவனத்துக்கு உறைகளின் முகவரி தெரியும்தான், ஊரில் இருக்கும்போது தெரிவதைப் போலவே. தன்னை யாரும் அடையாளம் காணக் கூடாது என்று நினைக்கிற ஒரு பத்திரிகையாளருக்கு இது உதவாது. அப்பாவுக்கு இதுதான் சரி.

ஷார்ஜாவில் அந்த மாதக் கடைசி நாள். அண்ணன் ஆபீஸுக்குப் போய்விட்டான். காலை ஒன்பது மணிக்கு அப்பா போனை எடுத்துச் சாவியை வரவழைத்து வங்கியைத் திறந்தார். சுற்றிக்கொண்டே இருந்தது. நான் போய்ப் பார்ப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்: “சாவி இருக்கு, பை போகல.” வயர்கார்டில் அப்படித்தான். மறுமுனை பதில் சொல்லாவிட்டாலும் சாவி படம் வந்துவிடும். கடைசியாக மறுமுனையோடு எப்போது பேசியது என்று உள்ளே ஒரு வரி இருக்கும், அதைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அந்த வரி காலியாக இருந்தது.

நான் விபிஎன்னை எடுத்துவிட்டு நேராகப் பார்க்கலாமா என்று யோசித்தேன். அப்பா அதற்குள் எதிர்வீட்டு அக்காவுக்குப் போன் போட்டுவிட்டார். “கரன்ட் இருக்காம்மா?” இல்லை. காலையில் மாதாந்திரப் பராமரிப்பு என்று தெரு முழுக்க நிறுத்திவிட்டார்களாம். சாயங்காலம்தான் வருமாம். ரௌட்டருக்கு நான் வைத்திருந்த சின்ன பேட்டரி அரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது.

“பரவால்ல, சாயங்காலம் பாத்துக்கலாம்” என்று போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அப்பா டீ கேட்டார். மத்தியானம் தூங்கினார். நாலு மணிக்கு அவராகவே எடுத்து, முதலில் அந்த வரியைப் பார்த்தார். பத்து வினாடிக்கு முன் என்றது.

“பிரிச்சுட்டாங்க” என்றார். பென்ஷன் விழுந்திருந்தது.